பந்திவிசாரணையும் இருக்கையும்

ஆட்டிசம் உள்ளோருக்கான உள்ளூர்க் கூட்டுக் குழுக்களைக் குறித்து ஒரு சிந்தனை

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆயர்களிடமும் சபை மூப்பர்களிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? இக்கேள்விக்கு நாம் பெரும்பாலும் ஜெபத்தையும் ஆறுதல் மொழியையும் விடையாகத் தருகிறோம். இவ்விரண்டும் தேவையே. ஆயினும் கேள்வி கேட்டவர் ஆறுதலை மட்டும் நாடி வரவில்லை. தம் மகனோ மகளோ நாற்பது வயதில் எங்கே தங்குவார், நோயுற்றால் அவரை மருத்துவரிடம் யார் அழைத்துச் செல்வார், அவர் பெயரில் உள்ள சொத்தை யார் காப்பார், காவல் நிலையத்தில் அவர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் யார் எடுத்துரைப்பார் என்பனவே அக்கேள்வியின் உள்ளடக்கம். இவற்றுள் எதற்கும் ஒரு குடும்பம் தனித்து நின்று விடை காண இயலாது. ஒரு சிறப்புப் பள்ளியோ, ஒரு மருத்துவமனையோ, ஓர் அரசு அலுவலகமோ தனித்து நின்று விடையளிக்கவும் இயலாது.

இக்காரணம் பற்றியே அரசு அலுவலர், மருத்துவர், பெற்றோர், தொண்டு நிறுவனத்தார், ஆட்டிசம் உள்ளோர் ஆகிய அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் உள்ளூர்க் கூட்டுக் குழுக்கள் தோன்றின. இவற்றை இங்கிலாந்து நாட்டின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்ந்து, நம் நாட்டுச் சட்டங்களில் இவற்றுக்கு இணையான அமைப்புகள் எவை என்று கண்டு, திருமறையின் ஒளியில் திருச்சபையின் கடமையை உணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வந்தடையும் முடிவை முன்னரே கூறிவிடலாம். ஒரு குழு பயன் தருவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அக்குழு யாருக்காகக் கூடுகிறதோ அவர் அதில் உறுப்பினராக அமர்ந்திருக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரும் அதே மேசையில் இருக்க வேண்டும். எடுத்த முடிவு என்னவாயிற்று என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்பட வேண்டும். இம்மூன்றில் முதலாவதே நாம் எளிதில் மறந்துவிடுவது.

1. பெயரும் பொருளும்

'ஆட்டிசம்' என்னும் சொல் 'தன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943-இல் எழுதிய கட்டுரையும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் வெளியிட்ட ஆய்வும் இத்துறையின் தொடக்க ஆவணங்களாகக் கருதப்படுகின்றன. அவற்றுக்கு முன்பே, 1925-இல், குரூனியா சுக்காரேவா என்னும் ரஷ்யப் பெண் மருத்துவர் இத்தகைய பிள்ளைகளை விவரித்து எழுதியிருந்தார். லண்டன் மாநகரின் கேம்பர்வெல் பகுதியில் லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்னும் இருவர் நடத்தி 1979-இல் வெளியிட்ட ஆய்வு, கானர் கண்ட வகையினரைவிடப் பன்மடங்கு விரிந்த ஒரு தொகுதியினர் இருப்பதைக் காட்டிற்று. பேச்சே இல்லாதவர் முதல் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர் வரை பலவகையினரும் இதில் அடங்குவர் என்ற இன்றைய புரிதலுக்கு அவ்வாய்வு வழிகோலியது.

ஆட்டிசம் தொற்றும் நோயன்று. மருந்தால் நீங்குவதும் அன்று. மூளையின் வளர்ச்சியில் தொடக்கத்திலிருந்தே அமையும் ஒரு வேறுபாடு அது. பிறருடன் உரையாடும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணரும் அளவிலும், பழகிய ஒழுங்கை நாடும் இயல்பிலும், ஒரு பொருளில் ஆழ்ந்து ஈடுபடும் விதத்திலும் அவ்வேறுபாடு வெளிப்படுகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் அன்றாடத் துணை வேண்டும். சிலருக்குச் சில சூழ்நிலைகளில் மட்டும் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பிள்ளைகளை மட்டுமன்றி எல்லா வயதினரையும் உள்ளடக்கிய கணக்கு இது. ஆட்டிசம் உள்ள பிள்ளை வளர்ந்து ஆட்டிசம் உள்ள பெரியவராகிறார் என்ற எளிய உண்மையைச் சமூகம் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழில் 'மதியிறுக்கம்' என்ற சொல் வழக்கில் உள்ளது. 'புறவுலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் அரசு ஆவணங்களில் வழங்கி வருகிறது. இரண்டாவது பெயரை நாம் சற்று நின்று ஆராய வேண்டும். ஒருவர் நம் கண்ணை நோக்கிப் பேசாததால் அவருக்குப் புறவுலகைப் பற்றிய சிந்தனையே இல்லை என்று அப்பெயர் முடிவு கட்டிவிடுகிறது. ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்ட்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளோருக்கும் மற்றோருக்கும் இடையே ஏற்படும் புரிதல் தடை இருபுறத்தும் உள்ளது, அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறோம். சிந்தனையற்றவர் என்று பெயரிடப்பட்ட ஒருவரிடம் அவர் கருத்து யாதெனக் கேட்க யாருக்கும் தோன்றாது. ஆகவே இருக்கையைப் பற்றிய கேள்வி பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

2. பெற்றோர் தொடங்கிய இயக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்ற கொள்கை மேலை நாடுகளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையைப் பரப்பிற்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1964-இல், உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசத்தின் காரணம் உடலமைப்பைச் சார்ந்தது என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். பின்னர் வந்த ஆய்வுகள் பெற்றோரைப் பழித்த கொள்கையை முற்றிலும் தள்ளிவிட்டன. ஆயினும் அதனால் புண்பட்ட தாய்மார் எத்தனையோ பேர்.

திருமறையை அறிந்தோருக்கு இப்பழி புதியதன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்றே முதலில் வினவினர். ஆண்டவர் அவ்வினாவையே ஏற்க மறுத்தார் (யோவான் 9:1-3). மருத்துவத் துறை கைவிட்ட பழிச்சொல்லை நம் ஜெபக்கூட்டங்களில் சிலர் இன்றும் வேறு சொற்களால் சொல்லி வருவது வருந்தத்தக்கது.

பழி சுமத்தப்பட்ட அப்பெற்றோரே முதலில் ஒன்றுகூடினர். 1962-இல் லண்டனில் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு சங்கத்தை நிறுவினர். அதுவே பின்னாளில் தேசிய ஆட்டிசச் சங்கம் என வளர்ந்தது. மேற்கூறிய லோர்னா விங் மருத்துவர் மட்டுமன்றி ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமாவார். அச்சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். சிபில் எல்கர் என்னும் ஆசிரியையின் தலைமையில் 1965-இல் அச்சங்கம் ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிள்ளைகள் வளர்ந்தபோது, பள்ளிக்குப் பின் அவர்களுக்கு இடமில்லை என்பது தெரிந்தது. ஆகவே 1974-இல் சாமர்செட் பகுதியில் பெரியவர்களுக்கான உறைவிடம் ஒன்றும் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1991-இல் மேரி பரூவா என்னும் தாய் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியதும் இத்தகைய தேவையினாலேயே.

பெற்றோரின் இப்பணியை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். எனினும் 1990-களில் மற்றொரு குரலும் எழுந்தது. ஜிம் சின்க்ளேர் முதலிய ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தமக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு, எங்களைக் குறித்து எங்கள் பெற்றோர் பேசுவது மட்டும் போதாது, நாங்களும் பேச வேண்டும் என்றனர். இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பிவிடவும் முடியாது.

3. இங்கிலாந்தின் சட்டமும் கூட்டாண்மை வாரியங்களும்

2009 ஜூன் மாதத்தில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான சேவைகளைக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தம் எல்லைக்குள் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்பதே பல உள்ளாட்சி மன்றங்களுக்குத் தெரியவில்லை என்பது அதனால் புலனாயிற்று. அறிவுசார் குறைபாடு உடையோருக்கு ஓர் அலுவலகம் இருந்தது. மனநோய் உடையோருக்கு வேறோர் அலுவலகம் இருந்தது. இரண்டிலும் அடங்காத ஆட்டிசம் உள்ளவர் இரண்டு வாசல்களிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார்.

அவ்வாண்டிலேயே, அப்போது எதிர்க்கட்சியிலிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் செரில் கில்லன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த ஆட்டிசச் சட்டம் நிறைவேறியது. 2009 நவம்பர் 12 அன்று அதற்கு அரச ஒப்புதல் கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு குறிப்பிட்ட இயலாமையை மட்டும் கருதி இயற்றப்பட்ட முதல் சட்டம் அதுவே. அது ஒரு சிறிய சட்டம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென அரசு ஒரு செயல்திட்டம் வெளியிட வேண்டும். உள்ளாட்சி மன்றங்களும் அரசு மருத்துவ அமைப்புகளும் பின்பற்ற வேண்டிய வழிகாட்டுதலையும் வெளியிட வேண்டும் என்பவையே அதன் சாரம். செயல்திட்டமும் வழிகாட்டுதலும் 2010-இல் வெளிவந்தன. செயல்திட்டம் 2014-இலும் வழிகாட்டுதல் 2015-இலும் திருத்தப்பட்டன. 2021-இல் வெளிவந்த செயல்திட்டம் பிள்ளைகளையும் இளையோரையும் சேர்த்துக்கொண்டது.

அவ்வழிகாட்டுதல்கள் வற்புறுத்திய அமைப்புகளுள் ஒன்றே உள்ளூர் ஆட்டிசக் கூட்டாண்மை வாரியம். சமூக நலத்துறை அலுவலர், மருத்துவ சேவைக்கு நிதி ஒதுக்குவோர், வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, காவல் ஆகிய துறையினர், தொண்டு நிறுவனத்தார், குடும்பத்தினர், ஆட்டிசம் உள்ளோர் ஆகியோர் அதில் கூடுவர். ஆட்டிசத்தைக் கண்டறிய எங்கே அனுப்புவது, கண்டறிந்தபின் என்ன உதவி தருவது, பள்ளிப் பருவத்திலிருந்து பெரியவர் சேவைக்கு மாறும் காலத்தில் கைவிடப்படாமல் காப்பது எவ்வாறு, அலுவலருக்குப் பயிற்சி அளிப்பது யார் என்பன அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்கள். ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தன் பணியைத் தானே மதிப்பிட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறமிட்டு அறிக்கை தரும் முறையும் ஏற்பட்டது. இதனால் அண்டைப் பகுதியோடு தம் பகுதியை ஒப்பிட்டுக் கேள்வி கேட்கப் பொதுமக்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

4. மேசை அமையும் விதம்

ஒருவரை உறுப்பினராக்கிவிட்டால் மட்டும் அவர் பங்கேற்றுவிட்டதாகாது. கூட்டம் நடக்கும் அறையே அவரை வெளியேற்றக்கூடும். கூசும் குழல்விளக்கு, பலர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல், முன்னறிவிப்பின்றி மாற்றப்படும் நிகழ்ச்சிநிரல், சுருக்கெழுத்துகள் நிரம்பிய அறிக்கை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பூட்டிய கதவாகலாம்.

இதை உணர்ந்த குழுக்கள் சில எளிய ஒழுங்குகளைக் கைக்கொள்ளுகின்றன. பேசப்படும் பொருளை எளிய நடையில் எழுதிப் பல நாட்களுக்கு முன்பே அனுப்புகின்றனர். ஒரே இடத்தில், ஒரே ஒழுங்கில் கூடுகின்றனர். ஒருவர் பேசி முடித்தபின்னரே மற்றவர் பேசுகிறார். இடையிடையே ஓய்வு உண்டு. அமைதியாக இருக்கத் தனி அறை உண்டு. வாய்மொழியாகச் சொல்ல இயலாதவர் எழுதியோ, படங்களைச் சுட்டியோ, கருவியின் துணையாலோ கருத்துரைக்கலாம். வர இயலாதவர் கருத்தை அனுப்பிவைக்கலாம். அது அவையில் வாசிக்கப்படும். அலுவலர் சம்பளம் பெற்று வருகிறார் என்பதை நினைந்து, ஆட்டிசம் உள்ள உறுப்பினருக்கும் பயணச்செலவும் மதிப்பூதியமும் தருவது முறை. பெருஞ்செலவு பிடிக்கும் ஒழுங்குகள் அல்ல இவை. பிறருக்காகச் சற்று மெதுவாக நடக்கும் மனமே இவற்றுக்கு வேண்டும்.

பேச்சில்லாதோர் குழுவில் என்ன செய்ய முடியும் என்று ஐயுறுவோர் உளர். மோசே தாம் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவர் என்று முறையிட்டபோது, ஆரோன் துணையாகத் தரப்பட்டார் (யாத். 4:10-16). ஆயினும் அழைப்பு ஆரோனுக்கு மாற்றப்படவில்லை. பேசியவர் ஆரோன், பேச வேண்டியது யாது என்று அறிந்தவர் மோசே. துணை நிற்பவர் குரலாகலாம், உரியவராகிவிடக் கூடாது. பெற்றோருக்கும், சமூகப் பணியாளருக்கும், ஆயருக்கும் இது பொருந்தும்.

5. கேளாததன் விலை

இக்குழுக்கள் எல்லாவற்றையும் சீர்செய்துவிட்டன என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். சில பகுதிகளில் வாரியம் ஊக்கத்துடன் இயங்க, வேறு சில பகுதிகளில் பெயரளவில் நின்றது. வாரியம் ஆலோசனை கூறலாம். பணம் ஒதுக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை. அதிகாரம் உடைய அலுவலர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினால், அங்கே பேசப்படுவது குறிப்பேட்டோடு நின்றுவிடும். ஆட்டிசத்தைக் கண்டறியும் சோதனை, அனுப்பப்பட்ட மூன்று மாதத்திற்குள் தொடங்க வேண்டும் என்பது அந்நாட்டு மருத்துவ நெறி. ஆயினும் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் சோதனைக்காகக் காத்திருந்தோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர். சட்டம் எந்த அளவு நிறைவேறியுள்ளது என்று ஆராய 2025-இல் பிரபுக்கள் சபை ஒரு தனிக் குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

குழுக்களின் குறைபாட்டைவிடக் கொடியது கேளாமை. ஆலிவர் மெக்கவன் என்னும் இளைஞர் ஆட்டிசமும் வலிப்பும் உள்ளவர். 2016-இல் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மனநோய்க்குத் தரப்படும் ஒருவகை மருந்து தமக்கு ஒவ்வாது என்று அவரும் கூறினார், பெற்றோரும் கூறினர். எனினும் அது கொடுக்கப்பட்டது. தம் 18-ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய தாயார் பாலா மெக்கவன் இடைவிடாது குரல் கொடுத்ததன் விளைவாக, மருத்துவ, சமூக நலப் பணியாளர் அனைவருக்கும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றைக் குறித்த பயிற்சி வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. ஆலிவரின் பெயரால் அமைந்த அப்பயிற்சியை அளிப்போருள் ஆட்டிசம் உள்ளோரும் இடம்பெறுகின்றனர். தம் உடலைக் குறித்து ஒருவர் சொன்ன சொல் ஏற்கப்படவில்லை. அதன் விலை ஓர் உயிர். இருக்கை என்று நாம் இங்கே பேசுவது வெறும் மரியாதையைப் பற்றியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

6. நம் சட்டங்களில் உள்ள இருக்கைகள்

இத்தகைய அமைப்பு நம் நாட்டில் இல்லை என்று எண்ணுவோர் பலர். உண்மையில், இங்கிலாந்தின் சட்டத்திற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1999-இல், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை இயலாமை ஆகியவை உள்ளோரின் நலனுக்காக இந்திய நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அதன் 13-ஆம் பிரிவு உள்ளூர் மட்டக் குழுவை அமைக்கிறது. அக்குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர், பதிவுபெற்ற நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், இயலாமை உள்ளவர் ஒருவர் என மூவர் இருப்பர். 18 வயது நிரம்பியோருக்குச் சட்டக் காப்பாளரை நியமிப்பது அதன் முதன்மைப் பணி. காப்பாளர் தம் பொறுப்பிலுள்ள சொத்தின் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் அக்குழுவிடம் தர வேண்டும். எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குச் சட்டம் காட்டும் வாசல்களுள் இது ஒன்று. இதை அறியாத பெற்றோர் நம் சபைகளில் பலர்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. மூன்றாம் உறுப்பினரான 'இயலாமை உள்ளவர்' யார் என்பதற்கு அச்சட்டம் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தைச் சுட்டியது. அவ்விளக்கத்தில் ஏழு வகைகள் இருந்தன. ஆட்டிசம் அவற்றுள் பெயர் சுட்டப்படவில்லை. ஆட்டிசம் உள்ளோருக்காக எழுந்த குழுவில் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர் அதில் அமர்வார் என்று சட்டத்தின் சொற்கள் எண்ணியிருக்கவில்லை. தீய நோக்கம் எதுவும் இதில் இல்லை. நல்ல நோக்கமும் இவ்வாறு மறந்துவிடக்கூடும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

பின்னர் வந்த சட்டங்கள் மேலும் முன்னேறின. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே நெருங்கிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா அதை 2007-இல் உறுதி செய்தது. அதனைப் பின்பற்றி எழுந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. காப்பாளர் தம் விருப்பப்படி முடிவெடுப்பதை மாற்றி, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பு முறையை அதன் 14-ஆம் பிரிவு கூறுகிறது. 72-ஆம் பிரிவு மாவட்ட அளவிலான குழுவை விதிக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக அமர்த்தும் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. ஆக, இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பட்டு வருகின்றன. அவற்றில் ஆட்டிசம் உள்ளோரும் அமர்வார்களா என்பதே இப்போதைய கேள்வி.

7. எருசலேம் சபையின் முறுமுறுப்பு

உள்ளூர்ச் சேவை ஒன்று ஒரு சாராரைக் கைவிட்டதையும், அதைச் சீர்செய்யக் குழு அமைந்ததையும் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய யூதரின் விதவைகள் விடுபட்டனர். அவர்களைச் சார்ந்தோர் முறுமுறுத்தனர். அம்முறுமுறுப்பை அப்போஸ்தலர்கள் கலகம் என்று அடக்கவில்லை. விசுவாசக் குறைவு என்று கண்டிக்கவும் இல்லை. சபையார் அனைவரையும் கூட்டிப் பேசினர். எழுவரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டனர். தெரிந்துகொள்ளப்பட்டோர்மேல் கைகளை வைத்து அதிகாரம் அளித்தனர்.

ஸ்தேவான் முதல் அந்தியோகியாவைச் சேர்ந்த நிக்கொலா வரை எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருப்பது கவனிக்கத்தக்கது. கிரேக்கப் பெயர் உடையோர் யாவரும் கிரேக்கம் பேசுவோர் என்று துணிந்துவிட முடியாது. பன்னிருவருள்ளும் அந்திரேயா, பிலிப்பு என்னும் பெயர்கள் உண்டு. ஆயினும் எழுவரின் பெயர்களும் அவ்வாறே அமைந்திருப்பதால், குறை சொன்ன சாராரிடமிருந்தே அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்று விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், பங்கீட்டில் தவறிய பெரும்பான்மையினர் மேசையையே சிறுபான்மையினர் கையில் ஒப்படைத்தனர் என்பது பொருள். சேவையைச் சீர்திருத்துவதற்கு இதைவிடத் துணிவான முறை வேறில்லை.

எனினும் இப்பகுதியை நேர்மையாக வாசிப்போர் மற்றொன்றையும் காண்பர். எழுவரும் ஆண்கள். பட்டினி கிடந்த விதவைகளில் ஒருவருக்கும் அக்குழுவில் இடமில்லை. அவர்கள் சொன்ன சொல் ஒன்றும் பதிவாகவில்லை. அவர்களுக்காக அவர்களைச் சார்ந்தோர் பேசினர். அவர்களுக்காக அவர்களைச் சார்ந்தோர் விசாரித்தனர். எருசலேம் சபை ஒரு பெரிய அடியை எடுத்துவைத்தது. மற்றோர் அடி மீதியிருந்தது. பெற்றோரும் நிறுவனத்தாரும் ஆட்டிசம் உள்ளோருக்காகப் பேசும் நம் காலக் குழுக்களும் ஏறத்தாழ இதே இடத்தில் நிற்கின்றன.

மீதியிருந்த அடி எத்தகையது என்பதை எரிகோ வீதியில் காண்கிறோம். பர்திமேயு கூப்பிட்டபோது, பேசாதிருக்கும்படி திரளானோர் அதட்டினர். இயேசுவோ நின்று, அவரை அழைப்பித்து, தம்மிடம் எதை விரும்புகிறார் என்று அவரையே கேட்டார் (மாற்கு 10:46-52). பார்வையற்றவர் வேண்டுவது யாதென்று எவருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் ஆண்டவர் ஊகித்துச் செயல்படாமல், கேட்டுச் செயல்பட்டார். உடலின் உறுப்புகளைப் பற்றிப் பவுல் எழுதும்போது, பலவீனமாய்த் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார் (1 கொரி. 12:22). 'தோன்றும்' என்று அவர் கவனமாகச் சொல்வதை நாமும் கவனிக்க வேண்டும். பலவீனம் நம் பார்வையில் இருக்கலாம்.

8. திருச்சபை செய்யத்தக்கவை

முதலாவது, அறிந்துகொள்ளுதல். தம் சபையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் பெரியவர்களும் யார் என்று அறியாத சபைகள் பல. ஆராதனையில் ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமலும், பிறர் திரும்பிப் பார்க்கும் பார்வை தாங்காமலும் குடும்பமாக வராமலேயே நின்றுவிட்டவர்களை முதலில் தேடிச்செல்ல வேண்டும். எது தடையாயிற்று என்று பெற்றோரிடமும், இயன்றவரையில் ஆட்டிசம் உள்ளவரிடமும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வழித்துணையாதல். இயலாமைச் சான்று, காப்பாளர் நியமனம், தேசிய அறக்கட்டளை வழங்கும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு அலைந்து சலித்த பெற்றோருடன் ஆட்சியர் அலுவலகத்திற்கு ஒருவர் உடன் செல்வதே பெரிய ஊழியம். உள்ளூர் மட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் எப்போது கூடுகின்றன, யார் உறுப்பினர், சென்ற கூட்டத்தின் முடிவுகள் யாவை என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. சபை இதைத் தன் கடமையாக ஏற்கலாம்.

மூன்றாவது, கூடும் இடம் தருதல். நம் ஆலய மண்டபங்கள் வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டிக்கிடக்கின்றன. மதவேறுபாடின்றி அவ்வூரின் பெற்றோர், ஆட்டிசம் உள்ளோர், ஆசிரியர், மருத்துவர், வார்டு உறுப்பினர், காவல் அலுவலர் ஆகியோர் மாதம் ஒருமுறை கூட அவற்றைத் திறந்துவிடலாம். இக்குழுவைச் சபையின் பெயரால் நடத்த வேண்டும் என்பதில்லை. தலைமை இருக்கையில் ஆயர் அமர வேண்டும் என்பதும் இல்லை. கூடுமானவரையில் எழுதுகோலும் குறிப்பேடும் நம் கையில் இருக்கட்டும். சென்ற முறை எடுத்த முடிவு என்னவாயிற்று என்று கேட்டு எழுதும் பணியை எளிதென்று எண்ணலாகாது. பெரும்பாலான குழுக்கள் அப்பணி இல்லாமையாலேயே மாண்டுபோகின்றன.

நான்காவது, கற்றல். இறையியல் கல்லூரிகளில் ஆயர் பயிற்சி பெறுவோருக்கு ஆட்டிசத்தைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்துவதோடு நில்லாமல், ஆட்டிசம் உள்ளவர்களையே கற்பிக்க அழைக்க வேண்டும். அவர்கள் முன் மாணவராக அமர்ந்து பழகியவர், நாளை குழுவில் அவர்களை அருகே அமர்த்தத் தயங்கமாட்டார்.

இவற்றுள் எதுவும் அரசின் பொறுப்பைச் சபை தன் தோளில் ஏற்றுக்கொள்வதாகாது. சேவை அளிப்பது அரசின் கடமை. அது நிகழ்கிறதா என்று விசாரிப்பது அனைவரின் கடமை. பந்திவிசாரணை என்ற பழைய சொல்லில் பரிமாறுதலும் உண்டு, விசாரித்தலும் உண்டு. நாம் நெடுங்காலமாகப் பரிமாறி வந்திருக்கிறோம். இனி விசாரிக்கவும் வேண்டும். அவ்விசாரணையில் முதல் கேள்வி, பந்தியில் யாருக்கு இலை போடப்பட்டது என்பது. இரண்டாம் கேள்வி, யாருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் அவருக்கு இருக்கை உண்டா என்பது. எங்களுக்குப் பிறகு யார் என்று கேட்கும் பெற்றோருக்கு, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லும் தகுதி இவ்விரண்டாம் கேள்விக்கு உண்மையான விடை தரும் சபைக்கே உரியது.